திறக்கிறேன்

காலை எட்டே காலிலிருந்து
நான் பிடித்திருந்தது கேமராவை.
என் மணிக்கட்டு அசைந்தால்
அறையிலுள்ள எல்லோர் உலகமும் அசையும்.
மூச்சை அளந்து விட்டேன்.

லூப்ளினில் பிப்ரவரி. ஜன்னல் இல்லாத அறை.
மேசையில் ஜெனோன் ரட்வான்,
டிராலிபஸ் ஓட்டுநர், அறுபத்து மூன்று.
நேற்று மாலை கையொப்பமிடும்போது கேட்டார்:
"ஐந்து துளைதானே, டாக்டர்?"
"ஐந்து துளை" என்றார் வில்ச்செக்.
அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி.
அதையும் வாசித்துக் காட்டினார்.
மழை வரலாம் என்றால் தலையாட்டுவதுபோல்
தலையாட்டினார் ஜெனோன்.

திரையில் வயிறு ஒரு வெளிச்சக் குகை.
வாயு ஊதிய கூரை, மஞ்சள் கொழுப்பு,
பத்து மடங்கு பெருத்த துடிப்பு.
அழகாக இருந்தது. சொல்லக் கூடாது,
ஆனால் இருந்தது.
நீண்ட இரும்பு விரல்கள்
கணையத்தின் தலையை நாளத்திலிருந்து
ஈரச் சுவரில் ஒட்டிய பழைய சுவரொட்டியைப்போல்
நகம் நகமாக உரித்துக்கொண்டிருந்தன.

பதினொன்று நாற்பது.
ஓரிடத்தில் உரிய மறுத்தது.
ஸ்கேனில் அங்கே மெல்லிய கறுப்புக் கோடு உண்டு;
இடைவெளி என்று படித்திருந்தோம்.
கோடு பொய் சொல்லவில்லை.
அது ஆறு வாரத்துக்கு முந்தைய கோடு.

பிறகு திரை சிவந்தது,
கண்ணாடியில் யாரோ அப்பியதுபோல்
மொத்தமாக.
லென்ஸைத் துடைக்க வெளியே இழுத்தேன்.
திரும்ப நுழைந்தபோதும் சிவப்பு.

வில்ச்செக் பஞ்சை வைத்து அழுத்தினார்.
ஒன்று முதல் இருபதுவரை எண்ணியிருப்பார்.
நூற்றுப் பதினேழு முறை இதே அறுவையைத்
துளை வழியே முடித்தவர்.
அடுத்த மாதம் வெரோனாவில்
அதைப் பற்றிப் பேசவும் போகிறார்.
இருபது எண்ணுக்குள் இதெல்லாம்
முகமூடிக்குப் பின்னால் வந்து போனதா, தெரியாது.
"திறக்கிறேன்" என்றார்,
உப்பு கேட்கும் குரலில்.

ஹால்ஷ்கா ஏற்கெனவே திரும்பியிருந்தாள்.
பெரிய தட்டு, நீலத் துணி மூடி,
காலையிலிருந்தே அவள் முதுகுப்பக்கம்
யாரும் கேட்காமல் காத்திருந்தது.
க்னியேவ்கோ இரண்டு பை ரத்தம் கேட்டார்,
நாலு என்று திருத்தினார்.
வாயு சீறி வெளியேறக்
கூரை இறங்கியது; குகை
ஒரு மனிதனின் வயிறாகியது:
நரை மயிர், தொப்புள்,
குடலிறக்கத்தின் பழைய தழும்பு.
நெஞ்செலும்பின் கீழிருந்து
தொப்புளைச் சுற்றிக்கொண்டு
ஒரே இழுப்பு.

கேமராவை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன்.
கொக்கியைக் கையில் திணித்தார்கள். இழுத்தேன்.
வில்ச்செக்கின் இடது கை
மணிக்கட்டுவரை உள்ளே போய்
கணையத் தலையின் பின்புறம் வளைந்து
கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே
அந்தக் கிழிசலைப் பிடித்துக்கொண்டது.
கண் எதிர்ச் சுவரில் இருந்தது.
ரத்தம் நின்றது.
"கல்மாதிரி. தொட்டுப் பார்."
என் விரலைக் கொண்டுபோய் வைத்தார்.
மூன்றரை மணி நேரம் நான்
கண்கொட்டாமல் காட்டிய இடம்.
அது இவ்வளவு கெட்டி என்று
எனக்குத் தெரியவே தெரியாது.

யாரும் பார்க்காத திரையில்
கேமரா இன்னும் காட்டிக்கொண்டிருந்தது:
தான் கிடந்த பச்சைத் துணியின் நெசவை,
இழை இழையாக.

மாலை ஐந்தரை. நடைபாதையில் டனூட்டா
கம்பளித் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.
கட்டி வெளியே வந்துவிட்டது,
நாளத்தில் ஒரு துண்டை வெட்டித் தைத்தோம்,
திறக்க வேண்டி வந்தது.
"ஐந்து துளை என்றீர்களே."
"என்றேன்."
டனூட்டா கைப்பையின் வாரைத் திருகினாள்.
பனி நாளில் பஸ்ஸின் கொம்பு
கம்பியைவிட்டு நழுவிவிடும், என்றாள்;
இவர் இறங்கிப் பின்னால் போய்க்
கயிற்றைப் பிடித்துக் கையால் ஏற்றுவார்.
பயணிகள் திட்டுவார்கள்.
பிறகு கேட்டாள்: "எவ்வளவு நீளம்?"
வில்ச்செக் கையை விரித்துக் காட்டினார்.
ஒரு சாண். கொஞ்சம் கூட.

இரவு பதிவேட்டை நிரப்புவது என் வேலை.
மாற்றம்: ஆம்.
காரணம்: நாளம்.
அடுத்த கட்டம்: முடிவெடுப்பதில் தாமதம்?
அந்த இருபதை எழுதுவதா என்று
வெகுநேரம் பேனாவை
அசையாமல் பிடித்திருந்தேன்.